மண்சுவரில் பூத்த உப்பும் போர்முறை மாற்றங்களும்

மழைக்காலம் கழிந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், பழைய மண்சுவரின் அடிப்பகுதியிலும் மாட்டுத் தொழுவத்தின் ஓரங்களிலும் வெண்ணிறமாக ஓர் உப்புப் பூத்திருப்பதைச் சிற்றூர்களிற் பணிபுரிவோர் பலரும் கண்டிருப்பர். எல்லா இடத்தும் அது ஒரே பொருளன்று. பெரும்பாலும் சோற்றுப்பும் வேறு பல உப்புகளும் கலந்ததாகவே அது இருக்கும். ஆயினும், கங்கைக்கு வடக்கே பீகார்ச் சமவெளியில் அவ்வாறு பூத்த உப்பின் ஒரு பகுதி, ஏறத்தாழ 200 ஆண்டுக் காலம் ஐரோப்பியப் பேரரசுகளின் படைவலிமைக்கு அடிப்படையாக விளங்கியது. அதுவே வெடியுப்பு.

போர் வரலாற்றைப் படிப்போர் படைத்தலைவர்களின் திறமையையும் படைக்கலங்களின் அமைப்பையும் ஆராய்வர். துப்பாக்கிக் குழலினுள் இட்ட மருந்து எந்த மண்ணிலிருந்து வந்தது என்னும் வினாவைப் பலர் எழுப்புவதில்லை. படைவீரன் களத்தில் எவ்வாறு நின்றான், எந்நிற உடையை உடுத்தான், எவ்வளவு தொலைவில் பகைவனை எதிர்த்தான் என்பவற்றையெல்லாம் அம்மருந்தின் இயல்பே பெரிதும் முடிவு செய்தது. அம்மருந்தை எவ்வளவு பெறலாம் என்பதையோ, மண்ணிலும் காற்றிலும் உள்ள நைட்ரஜனை மனிதன் கைப்பற்றிய முறை முடிவு செய்தது. பயிருக்கு உணவான அதே நைட்ரஜனே படைக்கலத்துக்கும் உயிராக அமைந்த வரலாற்றை இக்கட்டுரையிற் காண்போம்.

வெடியுப்பின் இயல்பு

கருமருந்து எனப்படும் பழைய வெடிமருந்து மூன்று பொருள்களின் கலவை. எடையளவில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம் என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற அளவு. கரியும் கந்தகமும் எரியும் பொருள்கள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவது வெடியுப்பு. வேதியியலார் இதனைப் பொட்டாசியம் நைட்ரேட் என்பர்.

விறகு எரியும்போது ஆக்சிஜன் சுற்றியுள்ள காற்றிலிருந்து வரவேண்டும். ஆகையால் அது மெல்லவே எரிகிறது. அடைபட்ட குழலினுள் அவ்வாறு காற்றுப் புக வழியில்லை. வெடியுப்போ தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து நிற்கிறது. சூடேறியதும் அதனை விடுவிக்க, கரியும் கந்தகமும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எரிந்து, வெப்பமான வாயுக்களாக விரிகின்றன. குண்டைக் குழலிலிருந்து உந்தித் தள்ளுவது அவ்வாயுக்களின் அழுத்தமே.

இம்மருந்தைப் பற்றிய அறிவு சீனத்தில் 9-ஆம் நூற்றாண்டளவில் தோன்றியது. 1044-ஆம் ஆண்டில் அங்கே தொகுக்கப்பெற்ற படைத்தொழில் நூல் ஒன்றில் இதன் செய்முறைகள் எழுதப்பட்டுள்ளன. அங்கிருந்து ஆசியாவின் பிற பகுதிகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அது பரவியது. கந்தகம் எரிமலை நாடுகளிற் கிடைத்தது. கரி எங்கும் கிடைத்தது. கலவையின் முக்காற் பங்கான வெடியுப்புத்தான் எளிதிற் கிட்டாத பொருளாயிற்று.

மண்ணில் விளையும் முறை

சாணம், சிறுநீர், மட்கிய இலைதழை ஆகியவற்றில் உள்ள நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாகச் சிதைகிறது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இம்மாற்றம் வெறும் வேதிவினை அன்று, உயிர்களின் செயலே என்பதைப் பிரெஞ்சு அறிஞர்களான சுலோசிங், முன்ட்சு ஆகிய இருவரும் 1877-இல் மெய்ப்பித்தனர். வயலில் இட்ட எருவைப் பயிர் உண்ணத்தக்க நைட்ரேட்டாக மாற்றுவதும் இதே வினைதான் என்பதை வேளாண் பணியாளர் அறிவர்.

நைட்ரேட் நீரில் எளிதிற் கரையும். மழை மிகுந்த நாட்டில் அது நிலத்தடிக்கு இறங்கி ஓடிவிடும். பீகாரின் திருகுத், சாரண், சம்பாரண் பகுதிகளில் மூன்று வாய்ப்புகள் ஒருங்கே அமைந்திருந்தன. நெருக்கமான ஊர்களும் கால்நடைகளும் நைட்ரஜன் தரும் கழிவை மிகுதியாக அளித்தன. அடுப்புச் சாம்பலிலிருந்து பொட்டாசியம் மண்ணிற் சேர்ந்தது. மழைக்குப் பின் வரும் நீண்ட வறண்ட பருவத்தில், மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகி, தான் கரைத்து வந்த உப்பை மேற்பரப்பில் விட்டுச் சென்றது.

இவ்வுப்பைச் சேகரித்துக் காய்ச்சுவதையே தொழிலாகக் கொண்டவர் நோனியர் எனப்படும் மக்கள். தொழுவங்களின் அருகிலும் பாழ்மனைகளிலும் மேல்மண்ணை அவர் சுரண்டி எடுத்தனர். மண்ணாற் கட்டிய தொட்டியின் அடியில் மூங்கிற் கழிகளைப் பரப்பி, அவற்றின் மேல் பாய் விரித்து, அதன்மேல் அம்மண்ணை நிரப்பி, மெல்ல நீர் ஊற்றினர். உப்பைக் கரைத்துக்கொண்டு அடியில் வடிந்த நீரைக் காய்ச்சி ஆறவிட்டபோது, வெடியுப்பு ஊசி ஊசியாகப் படிந்தது.

சோற்றுப்பையும் வெடியுப்பையும் இவ்வாறு பிரிக்க இயல்வது எப்படி? 100 கிராம் நீரில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 32 கிராம் வெடியுப்பே கரையும். கொதிநிலையிலோ 240 கிராமுக்கு மேல் கரையும். சோற்றுப்பின் அளவு முறையே 36, 39 கிராம். அது வெப்பத்தால் பெரிதும் மாறுவதில்லை. எனவே கொதிக்கும் கரைசல் சுண்டும்போது சோற்றுப்பு முதலிற் படியும். அதை அகற்றிவிட்டு ஆறவைத்தால் வெடியுப்பு படியும். கரைதிறனைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டையும் ஒரே வரைபடத்திற் குறித்துக் காட்டினால், எழுத்தறியாத தொழிலாளர் தம் பட்டறிவாற் கண்டிருந்த முறையின் நுட்பம் மாணவர்க்கு நன்கு விளங்கும்.

இத்தொழிலைப் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வேதியியலார் லெதரும் அவருடன் ஜதீந்திரநாத் முகர்ஜியும் ஆராய்ந்து 1911-இல் அறிக்கை வெளியிட்டனர். தொழில் நலிந்துகொண்டிருந்த காலம் அது. அதன் செழிப்பான நாட்களைப் புரிந்துகொள்ள, போர்க்களத்துக்குச் செல்லவேண்டும்.

திரித்துப்பாக்கியும் வண்டி அரணும்

1526-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் பானிப்பட்டுக் களத்தில் பாபர் இப்ராகிம் லோடியின் பெரும்படையை எதிர்த்தார். பாபரின் படையில் திரித்துப்பாக்கி வீரர் இருந்தனர். அத்துப்பாக்கியைச் சுடுவதற்கு, கனன்றுகொண்டிருக்கும் திரியை மருந்திற் படச் செய்யவேண்டும். அத்திரியும் வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்த கயிறே. ஆதலால் அது அணையாமல் மெல்லக் கனன்றது.

இப்படைக்கலத்துக்குப் பெருங்குறை ஒன்று உண்டு. ஒருமுறை சுட்ட வீரன் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிப்பதற்குள், குதிரைப்படை அவன்மேற் பாய்ந்துவிடும். பாபர் அதற்கு ஒரு வழி கண்டார். 700 வண்டிகளைப் பச்சைத் தோற்கயிறுகளாற் பிணைத்து அரணாக நிறுத்தினார். இடையிடையே தடுப்புப் பலகைகளை வைத்து, அவற்றின் பின்னே துப்பாக்கி வீரரை நிறுத்தினார். தம் குதிரைப்படை வெளியே பாய்வதற்கு வேண்டிய இடைவெளிகளையும் விட்டிருந்தார். ஒருபுறம் பானிப்பட்டு நகரும், மறுபுறம் அகழும் வெட்டிய மரக்கிளைகளும் காவலாயின. முன்னே வந்த எதிரிப்படை அரணின் எதிரே நெருக்குண்டு நிற்க, பாபரின் குதிரை வீரர் இருபக்கமும் சுற்றி வளைத்துப் பின்னிருந்து தாக்கினர். நண்பகலுக்குள் போர் முடிந்தது. லோடி களத்திலேயே மாண்டார். வெற்றியைத் தந்தது துப்பாக்கி மட்டும் அன்று. அதன் குறையை அறிந்து அதற்கேற்ப வகுத்த வியூகமே வெற்றிக்குக் காரணம்.

பின்னர் ஐரோப்பாவில் திரிக்கு மாற்றாகச் சக்கிமுக்கிக் கல் வந்தது. தேர்ந்த வீரன் ஒரு நிமிடத்தில் 2 அல்லது 3 முறை சுட முடிந்தது. ஆயினும் அத்துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 90 மீட்டருக்கு அப்பால் குறிதவறுவதே மிகுதி. ஆகவே வீரரை 2 அல்லது 3 வரிசைகளாக நெருக்கி நிறுத்தி, ஆணை பிறந்தவுடன் அனைவரும் ஒருசேரச் சுடும் முறை உருவாயிற்று. நாள்தோறும் அணிவகுப்புப் பயிற்சி அளித்ததன் நோக்கம் அழகு அன்று. குண்டு பாயும் வேளையிலும் வரிசை குலையாமல் மருந்திடும் பழக்கத்தை ஊட்டுவதே.

மருந்தைக் காப்பதும் போர்த்திறனில் ஒரு கூறாயிற்று. 1757-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பிளாசியில் போரின் நடுவே பெருமழை பெய்தது. ஆங்கிலக் கம்பெனிப் படையினர் தம் மருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காத்தனர். நவாபின் படையில் மருந்து நனைந்தது. எதிரியின் பீரங்கியும் ஓய்ந்திருக்கும் என்று எண்ணி முன்னேறிய நவாபின் குதிரைப்படை, குண்டுமாரியை எதிர்கொண்டது. அப்போரின் முடிவுக்கு மறைவான சூழ்ச்சிகளே பெருங்காரணம் என்பது உண்மை. ஆயினும் ஈரம் படைக்கலத்தை வீணாக்கியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

உப்புக்காக அரசுகள் பட்ட பாடு

கப்பற் பீரங்கி ஒன்று 24 பவுண்டு குண்டை எறிவதற்கு, வழக்கமாகக் குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 பவுண்டு மருந்து இடப்பட்டது. அத்தகைய 50 பீரங்கிகள் தலைக்கு 40 முறை சுட்டால் செலவாகும் மருந்து 16,000 பவுண்டு. அதில் வெடியுப்பு மட்டும் 12,000 பவுண்டு. ஒரே கப்பலின் ஒருநாட் செலவு இதுவாயின், ஒரு கடற்படைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மாணவரே கணக்கிடலாம்.

குளிர் மிகுந்த ஐரோப்பாவில் வெடியுப்பு தானே நிலத்திற் பூப்பது குறைவு. ஆகவே அரசு ஆட்கள் குடிமக்களின் தொழுவங்களையும் புறாக்கூடுகளையும் தோண்டி மண் எடுக்கும் உரிமை பெற்றிருந்தனர். இங்கிலாந்தில் இதுபற்றி மக்கள் மிகவும் மனக்குறை கொண்டிருந்தனர். அந்நாட்டு மன்னர் முதலாம் சார்லசு காலத்தில், 1626-இல், சிறுநீரைச் சேர்த்துவைக்குமாறு அரசாணையே பிறந்தது. இந்நிலையில் பீகாரின் வெடியுப்பு ஐரோப்பியருக்குப் பெரும் புதையலாயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் பாட்னாப் பகுதியில் பண்டகசாலைகளை அமைத்தனர். படகுகளிற் கங்கை வழியே இறங்கிய உப்பு, கப்பலின் அடித்தட்டில் நிறைசுமையாகவும் பயன்பட்டது. 1758-இல் கிளைவு, நவாப் மீர் சாபரிடமிருந்து பீகார் வெடியுப்பு வாணிகத்தின் தனியுரிமையைக் கம்பெனிக்குப் பெற்றார். பிற ஐரோப்பியர் அதன்பின் கம்பெனியின் தயவை நாட நேர்ந்தது.

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரான்சு வெடியுப்புக்குத் தட்டுப்பட்டது. அதன் பின்னர் 1775-இல் பிரெஞ்சு அரசு வெடிமருந்து நிருவாகத்தைத் திருத்தி அமைத்து, நான்கு ஆணையரை அமர்த்தியது. அவருள் ஒருவர், வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் லவாசியே. எருவும் சுண்ணமும் கலந்த படுகைகளில் வெடியுப்பை விளைவிக்கும் முறைகளை அவர் ஆராய்ந்தார். மருந்தின் தரமும் அளவும் உயர்ந்தன. பிரித்தானியரை எதிர்த்து எழுந்த அமெரிக்கக் குடியேற்றத்தார் தம் விடுதலைப் போரில் பெருமளவு பிரெஞ்சு மருந்தையே நம்பினர். எரிதலில் ஆக்சிஜனின் பங்கை உலகுக்கு விளக்கிய அறிஞரே நாட்டின் வெடிமருந்துக்கும் பொறுப்பாளராய் இருந்தது, அறிவியலும் அரசும் இணைந்த தொடக்கக்கால நிகழ்ச்சிகளுள் ஒன்று.

இந்திய உப்பின் ஆற்றலைக் காட்டும் மற்றொரு நிகழ்ச்சி 1861-ஆம் ஆண்டினது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களுக்காக லாமட் டூபான்ட் என்பவர் இலண்டனுக்குச் சென்று, அங்கே கிடைத்த வெடியுப்பைப் பெருமளவில் வாங்கினார். அது இந்தியாவிலிருந்து வந்த உப்பு. அவ்வேளையில் வடமாநிலக் கடற்படை, டிரென்ட் என்னும் பிரித்தானியக் கப்பலை மறித்துத் தென்மாநிலத் தூதர் இருவரைச் சிறைப்பிடித்தது. உடனே பிரித்தானிய அரசு வெடியுப்பு ஏற்றுமதியைத் தடுத்தது. தூதர்கள் விடுவிக்கப்பட்ட பின்னரே உப்பு கப்பலேறியது. பெருங்கடலுக்கு அப்பால் மூளவிருந்த போரைத் தடுத்த காரணங்களுள் பீகார் மண்ணின் உப்பும் ஒன்று எனலாம்.

இத்தனை ஆற்றல் வாய்ந்த பொருளைக் காய்ச்சிய நோனியர் வறுமையிலேயே வாழ்ந்தனர். முன்பணம் தந்த இடைத்தரகரிடம் உப்பை அளந்துவிட்டு, அடுத்த பருவத்துக்குக் காத்திருந்தனர். பேரரசுகளின் கணக்கேடுகளில் அவர்தம் பெயர்கள் இடம்பெறவில்லை.

புகை அகன்றதும் களம் மாறியது

கருமருந்து எரியும்போது அதன் எடையிற் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் நுண்துகளாகவே எஞ்சுகிறது. அத்துகள் குழலினுட் படிந்து துப்பாக்கியை அடைத்தது; வெளியே அடர்ந்த வெண்புகையாகக் களத்தை மூடியது. சில முறை சுட்டதும் பகைவர் யார், நம்மவர் யார் என்று தெரியாது போயிற்று. படையினர் செந்நிற, நீலநிற உடைகளை அணிந்ததற்கு இப்புகையும் ஒரு காரணம். சுட்டவன் இருக்கும் இடத்தைப் புகையே காட்டிக்கொடுத்ததால், மறைந்து நின்று சுடுவதிலும் பயன் குறைவாயிருந்தது.

1846-இல் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ஜெர்மானியர் சோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலத்தாலும் கந்தக அமிலத்தாலும் பதப்படுத்தினால் அது வெடிபஞ்சாக மாறுவதைக் கண்டறிந்தார். கருமருந்தில் ஆக்சிஜனைத் தருவதும் எரிவதும் வெவ்வேறு துகள்கள். வெடிபஞ்சிலோ இரண்டும் ஒரே மூலக்கூறில் உள்ளன. ஆதலால் அது ஏறத்தாழ முழுவதும் வாயுவாக மாறுகிறது. அதன் கட்டுக்கடங்காத வேகத்தை அடக்கி, துப்பாக்கிக்கு ஏற்ற புகையில்லா மருந்தை 1884-இல் பிரான்சில் போல் வியேய் உருவாக்கினார். 1889-இல் பிரித்தானியரான ஏபலும் திவாரும் கார்டைட் என்னும் கயிறு வடிவ மருந்தைச் செய்தனர். இந்தியாவிலும் இம்மாற்றம் விரைவில் எதிரொலித்தது. வங்காளத்தில் இச்சாப்பூரில் இயங்கிவந்த பழைய வெடிமருந்து ஆலை 1902-இல் மூடப்பட்டது. அதே காலத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் ஆலை எழுந்தது. அவ்வாலை இன்றும் இயங்குகிறது; 2021-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து அது பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கீழ் உள்ளது.

புகையில்லா மருந்தால் போர்முறை எவ்வாறு மாறும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் 1899-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் நடந்த கொலென்சோப் போர் காட்டியது. துகேலா ஆற்றங்கரையில் போயர்கள் பதுங்குகுழிகளில் மறைந்திருந்தனர். அவர்கள் சுட்டபோது புகை எழவில்லை. பிரித்தானியப் படைப்பிரிவு ஒன்று பழைய முறைப்படி நெருங்கிய அணியாக ஆற்று வளைவுக்குள் நடந்து சென்று, மூன்று பக்கங்களிலிருந்தும் வந்த குண்டுகளுக்கு இலக்காயிற்று. வெட்டவெளியில் நிறுத்திய பீரங்கிகளில் 10 பறிபோயின. அன்று பிரித்தானியர் இழந்தோர், காயமுற்றோரும் சிறைப்பட்டோரும் உட்பட, ஏறத்தாழ 1,100 பேர். போயர் தரப்பில் ஏறத்தாழ 40 பேர். கண்ணுக்குத் தெரியாத எதிரியை வெல்லும் வழியை அப்படையினர் கற்றிருக்கவில்லை.

அக்களத்தில் காயமுற்றோரைத் தூக்குக் கட்டில்களிற் சுமந்தவருள் காந்தியடிகள் திரட்டிய இந்திய மருத்துவ உதவிப் படையினரும் இருந்தனர். அவர் பெரும்பாலும் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர். நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளருள் தமிழர் பெரும்பகுதியினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இக்காலத்திலேயே செந்நிற உடை களத்தை விட்டு மறைந்தது. புழுதி நிறமான காக்கி உடையை 1840-களின் பிற்பகுதியில் வடமேற்கு எல்லையில் முதலில் ஏற்றது லம்சுடன் என்பார் அமைத்த வழிகாட்டிப் படை. பாரசீகத்திலும் உருதுவிலும் காக் என்றால் புழுதி. புகையில்லா மருந்து பரவிய பிறகே பிற படைகள் அதன் அருமையை உணர்ந்தன.

காற்றிலிருந்து வெடியுப்பு

புதிய மருந்துகள் அனைத்துக்கும் நைட்ரிக் அமிலம் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு மூலப்பொருளாக அமைந்தது, தென்னமெரிக்காவின் அட்டகாமாப் பாலைநிலத்திற் கிடைத்த சோடியம் நைட்ரேட். அது ஈரத்தை ஈர்ப்பதால் கருமருந்துக்கு நேரே ஏற்றதன்று. அமிலம் காய்ச்சுவதற்கோ மிக ஏற்றது. பயிருக்கு உரமாகவும் அது கப்பல் கப்பலாக ஐரோப்பா சென்றது. அந்நிலத்துக்காக 1879-இல் சிலி ஒருபுறமும் பெரு, பொலிவியா நாடுகள் மறுபுறமும் நின்று போரிட்டன. மலிவான இப்போட்டியால் பீகாரின் தொழில் தளர்ந்தது. நோனியர் பலர் மண்வெட்டும் கூலிகளாக வேற்றூர்களுக்குச் சென்றனர். முதல் உலகப்போரில் சற்றே தலைதூக்கிய அத்தொழில் பின்னர் மீண்டும் நலிந்தது.

நம்மைச் சூழ்ந்த காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மடிப் பிணைப்பால் இறுகியுள்ளன; அதைப் பிரிக்க மிகுந்த ஆற்றல் வேண்டும். அவ்வாறு பிரித்து வேறு சேர்மங்களில் அமைத்த நைட்ரஜன், மீண்டும் தன் இணையோடு சேரும்போது பேராற்றல் வெளிப்படுகிறது. வெடிமருந்துகள் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் இடம்பெறுவதன் காரணம் இதுவே.

1909-இல் ஜெர்மானிய அறிஞர் பிரிட்சு ஏபர், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இணைத்து அம்மோனியா பெறுவதைச் செய்து காட்டினார். கார்ல் பாசு அதனைத் தொழிலாக வளர்க்க, 1913-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒப்பாவு நகரின் ஆலை இயங்கலாயிற்று. உரத்துக்காக எழுந்த ஆலை அது. மறு ஆண்டே போர் மூண்டது. பிரித்தானியக் கடற்படை கடல்வழியை அடைத்ததும் சிலியின் உப்பு ஜெர்மனிக்கு வரவில்லை. கையிருப்புத் தீர்ந்தால் போர் நின்றுவிடும் நிலை ஏற்பட்டது. அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக மாற்றும் பெரும் அமைப்பு 1915-இல் ஒப்பாவில் நிறுவப்பட்டது. கடலை அடைத்தவர்களாற் காற்றை அடைக்க இயலவில்லை. போர் 1918 வரை நீண்டது.

அந்நீட்சியின் விலை எளிதன்று. 1916-ஆம் ஆண்டு சோம் ஆற்றுக் களத்தில் தாக்குதலுக்கு முன் ஒருவாரம் பிரித்தானியப் பீரங்கிகள் ஏறத்தாழ 15 இலட்சம் குண்டுகளை வீசின. ஆழ்ந்த பதுங்குகுழிகளில் இருந்த ஜெர்மானியரும் அவர்தம் இயந்திரத் துப்பாக்கிகளும் அதனால் முற்றும் அழியவில்லை. ஜூலை முதல் நாள் ஒன்றிலேயே பிரித்தானியத் தரப்பில் 57,470 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். மாண்டவர் மட்டும் 19,240 பேர். மருந்து அளவின்றிக் கிடைத்தபோது, படைத்தலைவர்கள் குண்டின் தொகையையே போர்த்திறன் எனக் கொண்டனர். தடுப்பவரின் திறன் அதனினும் மிக்கிருந்தது. சிறு குழுக்களாகப் பிரிந்து முன்னேறுதல், பீரங்கிச் சூட்டைப் படிப்படியாக முன்னகர்த்தி அதன் பின்னே காலாட்படை செல்லுதல், கவசவண்டிகளைத் துணைக்கொள்ளுதல் ஆகிய புதுமுறைகள் இப்பேரிழப்புகளுக்கிடையே உருவாயின.

இந்நாளைய நிலை

வழிகாட்டும் ஏவுகணைகளும் ஆளில்லா வானூர்திகளும் வந்துவிட்ட இக்காலத்தில் பழைய உப்பின் கதை முடிந்துவிட்டது என எண்ணலாகாது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய உருசிய-உக்ரேன் போரில் பதுங்குகுழிகளும் பீரங்கிகளும் மீண்டும் முதன்மை பெற்றன. ஐரோப்பிய ஒன்றியம் உக்ரேனுக்கு ஓராண்டுக்குள் 10 இலட்சம் பீரங்கிக் குண்டுகளை அளிப்பதாக 2023 மார்ச்சில் உறுதியளித்தது. குறித்த காலத்துக்குள் அதனை நிறைவேற்ற இயலவில்லை. தட்டுப்பட்ட பொருள்களுள் ஒன்று நைட்ரோசெல்லுலோசு, அதாவது வெடிபஞ்சு. பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு அதன் மூலப்பொருள். அதற்கு ஐரோப்பிய ஆலைகள் பெரிதும் சீனத்தை நம்பியிருந்தன. கடற்படைகள் வெடியுப்புக்குப் பாட்னாவை நோக்கியிருந்த காலத்தை இது நினைவூட்டுகிறது. போர் தொடங்கிய ஆண்டில் இயற்கை வாயுவின் விலை உயர்ந்ததால் உர விலையும் உலகெங்கும் ஏறியது. போர்க்களமும் நெல்வயலும் ஒரே நைட்ரஜனைச் சார்ந்திருப்பதை உழவர் தம் செலவிலேயே உணர்ந்தனர்.

போர் இல்லாத நாளிலும் இப்பொருள் எச்சரிக்கையுடன் கையாளத்தக்கது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஒப்பாவு ஆலையிலேயே சேமித்துவைத்த உரக்கலவை வெடித்து 500-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1947 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சாசு நகரத் துறைமுகத்திலும், 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பெய்ரூட்டுத் துறைமுகத்திலும் அம்மோனியம் நைட்ரேட் பெருநாசம் விளைத்தது. பெய்ரூட்டில் ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தது 2,750 டன். மாண்டவர் 200-க்கு மேற்பட்டோர். இந்தியாவில் அம்மோனியம் நைட்ரேட்டைச் செய்தல், சேமித்தல், கொண்டுசெல்லுதல், விற்றல் ஆகியவற்றை 2012-ஆம் ஆண்டு விதிகள் உரிமத்தின் கீழ்க் கொணர்ந்துள்ளன. உரக்கிடங்குகளைப் பார்வையிடும் களப்பணியாளர், நைட்ரேட் உரங்களை எரிபொருள், எண்ணெய், மரத்தூள், வெப்பம் ஆகியவற்றினின்று விலக்கி வைத்தலும், கணக்கில் வராத இருப்பை உரியவர்க்கு உடனே அறிவித்தலும் தம் கடமை எனக் கொள்ளவேண்டும்.

விடுதலைக்குப் பின் நம் நாடு நைட்ரஜனைக் கைப்பற்ற எடுத்த பெருமுயற்சி உணவுக்காகவே. அப்போது பீகாரைச் சேர்ந்திருந்த சிந்திரியில் 1951-இல் உர உற்பத்தி தொடங்கியது. 1961-இல் பக்ரா அணையின் மின்னாற்றலைக் கொண்டு நங்கல் ஆலை எழுந்தது. கங்கையின் வடகரையில், பழைய வெடியுப்பு நிலத்தை அடுத்த பரௌனியில், மூடிக்கிடந்த உர ஆலைக்கு மாற்றாக அமைந்த புதிய ஆலை 2022-இல் யூரியா உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு காலத்தில் அயல்நாட்டுப் பீரங்கிகளுக்கு மருந்து தந்த மண்ணுக்கு இன்று காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன் பயிருணவாகத் திரும்புகிறது.

உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உண்ணும் உணவு, ஏபர் கண்ட முறையாற் பெறும் உரத்தைச் சார்ந்தது என அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். அதே முறை இல்லையேல் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்போர்கள் அத்துணை நீண்டிரா. பொருள் தன்னளவில் நன்மையும் அறியாது, தீமையும் அறியாது. ஆயினும் அதனைப் பெறும் வழி, காக்கும் வழி, பயன்படுத்தும் வழி ஆகிய மூன்றும் மனிதர் கையில் உள்ளன. வெடிமருந்துப் பாடத்தைப் போர்கள் நடந்த ஆண்டுகளின் பட்டியலாக மட்டும் கற்பியாமல், தொழுவத்து மண், அதில் வாழும் நுண்ணுயிர், அதைக் காய்ச்சிய தொழிலாளி, அதனால் மாண்ட வீரன், அதே நைட்ரஜனால் விளைந்த நெல் ஆகிய அனைத்தையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் காட்டும் ஆசிரியர், மாணவர்க்கு வேதியியலையும் வரலாற்றையும் பொறுப்புணர்ச்சியையும் ஒருங்கே கற்பித்தவராவார்.